பழைய மில்லிங் மெஷினுக்குப் பால்ஸ்க்ரூவும் சர்வோவும்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

பழைய மில்லிங் மெஷின் ஒன்றின் டேபிள் கைப்பிடியை வலப்பக்கம் கொஞ்சம் சுற்றி நிறுத்துங்கள். பிறகு மெதுவாக இடப்பக்கம் திருப்புங்கள். கைப்பிடி சிறிது தூரம் வெறுமனே சுற்றும், டேபிள் அசையாது. அதன் பிறகுதான் நகரத் தொடங்கும். இந்த வெற்றுச் சுற்றுக்குத்தான் பேக்லாஷ் என்று பெயர். பட்டறையில் 'ஆட்டம்' என்பார்கள். நல்ல நிலையில் உள்ள மெஷினிலேயே 0.1 மி.மீ. அளவுக்கு இருக்கும், பல ஆண்டுகள் உழைத்ததில் அரை மி.மீ.யையும் தாண்டும்.

கையால் ஓட்டுகிறவருக்கு இது பெரிய தொல்லை இல்லை. ஒவ்வொரு அளவையும் ஒரே பக்கமிருந்து நெருங்கிப் பிடித்தால் போதும். கணினி ஓட்டும்போது அப்படி முடியாது. ஒரு வட்டம் வெட்டினால் எக்ஸ், ஒய் இரண்டும் ஆளுக்கு இரண்டு முறை திசை மாறும். திசை மாறும் அந்த நான்கு இடங்களிலும் வட்டத்தில் படி விழும். பழைய மெஷினில் மோட்டாரை மட்டும் மாட்டிச் சிஎன்சி (கணினி ஓட்டும் மெஷின்) ஆக்க முயன்றால் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான். அதனால்தான் டேபிளை நகர்த்தும் திருகையும் சேர்த்துப் பால்ஸ்க்ரூவாக மாற்றுகிறோம்.

கை மெஷினைச் சிஎன்சி ஆக மாற்றுவது புதிய யோசனை அல்ல. 1952இல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்தில் காட்டப்பட்ட முதல் எண்ணியல் கட்டுப்பாட்டு மில்லிங் மெஷினே, சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் என்ற ஏற்கெனவே இருந்த மெஷினை மாற்றிச் செய்ததுதான்.

மொத்த வேலையையும் ஒரே விதியால் புரிந்துகொள்ளலாம். சர்வோ என்பது தன் சுழற்சியைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் மோட்டார். அதன் பின்னால் இருந்து அளக்கும் என்கோடர், மோட்டாரின் தண்டு எவ்வளவு சுற்றியது என்பதை மட்டுமே அறியும். அந்தத் தண்டிலிருந்து கட்டர் முனை வரை உள்ள பெல்ட், புல்லி, பேரிங், திருகு, நட், நட்டைப் பிடிக்கும் பிராக்கெட், டேபிள் வழுக்கி நகரும் ஸ்லைடு, அதன் இடைவெளியை இறுக்கும் ஜிப் எதுவும் அதன் கண்ணில் படாது. அந்தச் சங்கிலியில் எங்கே ஆட்டம் இருந்தாலும் எந்த சர்வோவும் அதைச் சரிசெய்யாது.

பழைய திருகில் என்ன குறை?

பழைய மெஷின்களில் இருப்பது சரிவகப் புரி கொண்ட லீட்ஸ்க்ரூ. வெண்கல நட் அதன்மேல் உராய்ந்து நகர்கிறது. நீங்கள் கொடுக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 40 சதவீதம்தான் டேபிளைத் தள்ளப் போகும். மீதி உராய்விலேயே கரையும். நட்டை இரண்டாகப் பிளந்து இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் திருகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வேலை அதிகம் நடப்பது டேபிளின் நடுப்பகுதியில், தேய்வதும் அங்கேதான். நடுவில் ஆட்டம் போகும்படி இறுக்கினால் ஓரங்களுக்குப் போகும்போது நட் பிடித்துக்கொள்ளும்.

பால்ஸ்க்ரூவில் திருகுக்கும் நட்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. நட்டின் ஒரு முனைக்கு வந்த குண்டு உள்ளேயே இருக்கும் வழியில் திரும்பிப் போய் மறுபடி வரிசையில் சேரும். உராய்வு மிகக் குறைவு என்பதால் 90 சதவீத ஆற்றல் டேபிளுக்குப் போய்ச் சேரும். அதைவிட முக்கியமானது முன்னழுத்தம். சற்றே பெரிய குண்டுகளைப் போட்டோ, இரண்டு நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிராக இறுக்கியோ நட்டில் ஆட்டமே இல்லாமல் செய்யலாம். உராயும் திருகில் இவ்வளவு இறுக்கினால் சூடேறி நின்றுவிடும்.

'ஆட்டத்தை அளந்து மென்பொருளில் எழுதிவிட்டால் போதாதா?' என்று பலர் கேட்பார்கள். துளை போடுகிற வேலைக்குப் போதும். மில்லிங்குக்குப் போதாது. கட்டர் சுழலும் திசையிலேயே டேபிள் நகரும் கிளைம்ப் மில்லிங்கில், கட்டரே டேபிளைத் தன்பக்கம் இழுக்கும். நட்டில் அரை மி.மீ. இடம் இருந்தால் டேபிள் அவ்வளவும் ஒரே தாவாகத் தாவும், எண்ட்மில் கட்டர் உடையும். மென்பொருள் சும்மா சுற்ற வேண்டிய தூரத்தைக் கூட்டிக் கொடுக்குமே தவிர, டேபிளைப் பிடித்து வைக்காது.

பால்ஸ்க்ரூவுக்கு வேறொரு குணமும் உண்டு: டேபிளைக் கையால் தள்ளினால் திருகு சுற்றும். பழைய திருகு தானாகப் பூட்டிக்கொள்ளும், இது பூட்டாது. ஆகவே மாற்றிய பிறகு மெஷினைக் கையால் ஓட்ட எண்ணாதீர்கள். மோட்டாரில் மின்சாரம் இல்லாதபோது கட்டர் தொட்டாலே டேபிள் ஓடிவிடும். பழைய கைப்பிடிகளைக் கழற்றியே வைக்க வேண்டும். வேக நகர்வில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும் கைப்பிடி ஆளின் மணிக்கட்டை உடைக்கும்.

பணம் போடும் முன் இரும்பைப் பாருங்கள்

எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன், 0.01 மி.மீ. டயல் கேஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு மெஷினைச் சோதியுங்கள். ஸ்பிண்டிலின் (கட்டரைச் சுழற்றும் தண்டு) டேப்பருக்குள், அதாவது கூம்புத் துளைக்குள், கேஜை வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு ஸ்பிண்டிலைப் பக்கவாட்டில் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். ஊசி 0.02க்கு மேல் ஆடினால் ஸ்பிண்டில் பேரிங்குக்கும் வேலை இருக்கிறது.

அடுத்து டேபிளின் ஒரு கோடியில் கேஜை நிறுத்தி, மறுகோடியைக் கையால் திருக்கிப் பாருங்கள். நடுவில் ஜிப்பைச் சரியாக இறுக்கிவிட்டு, இரு ஓரங்களுக்கும் டேபிளை நகர்த்துங்கள். ஓரத்தில் கனமாகி நடுவில் தளர்வாக இருந்தால் ஸ்லைடு நடுவில் தேய்ந்திருக்கிறது என்று பொருள். இதற்கு மருந்து ஸ்க்ரேப்பிங் (கையால் சுரண்டிச் சமமாக்குவது) அல்லது கிரைண்டிங், பால்ஸ்க்ரூ அல்ல. தேய்ந்த ஸ்லைடின்மேல் விலை உயர்ந்த திருகைப் போட்டால், நேராக நகராத டேபிளை மிகத் துல்லியமாக நகர்த்துவீர்கள்.

எண்ணெய் வழிகளையும் இப்போதே திறந்து பாருங்கள். பழைய மெஷின்களில் பாதி வழிகள் உறைந்த கிரீஸால் அடைத்திருக்கும். உலர்ந்த ஸ்லைடு முதலில் ஒட்டும், பிறகு குதிக்கும். சர்வோ 0.01 மி.மீ. நகரச் சொல்லும், டேபிள் நிற்கும், பிறகு 0.03 தாவும். எத்தனை டியூனிங் (சர்வோவின் அமைப்பு எண்களைத் திருத்துவது) செய்தாலும் இது போகாது. விஜி 68 தர (எண்ணெயின் கெட்டித்தன்மை அளவு) ஸ்லைடுவே எண்ணெய், நேரத்துக்கு நேரம் தானாகச் செலுத்தும் பம்ப், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனி அளவுக் குழாய்: இந்த மூன்றும் வரவு செலவில் முதல் வரியில் இருக்கட்டும்.

திருகைத் தேர்ந்தெடுப்பது

நடுத்தர மில்லிங் மெஷினுக்கு எக்ஸ், ஒய் அச்சுகளில் 25 அல்லது 32 மி.மீ. விட்டம், 5 மி.மீ. லீட் (ஒரு சுற்றுக்கு நட் நகரும் தூரம்) பொருந்தும். கடைகளில் 2505, 3205 என்று இவற்றைச் சொல்வார்கள். முதல் இரண்டு எண்கள் விட்டம், பின்னிரண்டு லீட்.

துல்லியத் தரத்தில் சி7 என்றால் எந்த 300 மி.மீ. நீளத்திலும் பிழை 0.05 மி.மீ.க்குள்; சி5 என்றால் 0.018க்குள். உருட்டிச் செய்த திருகுகள் பெரும்பாலும் சி7. கிரைண்ட் செய்தவை சி5, சி3. பழைய மெஷினுக்குச் சி7 போதும் என்பது என் முடிவு. லீட் பிழை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே அளவில்தான் வரும். அதை அளந்து கன்ட்ரோலரில் அட்டவணையாக ஏற்றிவிடலாம். சேமிக்கும் பணத்தை முன்னழுத்தம் கொண்ட நட்டில் போடுங்கள். முன்னழுத்தம் இல்லாத மலிவான நட்டில் 0.02, 0.03 மி.மீ. ஆட்டம் இருப்பது சாதாரணம். அந்த ஆட்டத்தை அட்டவணையால் நீக்க முடியாது.

பொருத்துவதில்தான் முக்கால்வாசி வேலை

பால்நட் பழைய நட்டைவிடப் பருமனானது. 2505 நட்டின் உடலே ஏறக்குறைய 40 மி.மீ. விட்டம், ஃபிளாஞ்ச் 60ஐத் தாண்டும். டேபிளைத் தாங்கும் சேடிலுக்கு உள்ளே அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். இடம் போதாதபோது சேடிலைக் குடைந்துகொண்டே போகும் ஆசை வரும். ஸ்லைடுக்கு அடியில் உள்ள வார்ப்பிரும்பைக் குறைத்தால் மெஷினின் விறைப்பே குறையும். நட்டின் ஃபிளாஞ்சை இரு பக்கமும் தட்டையாக வெட்டுவது, சிறிய விட்டத் திருகுக்கு இறங்குவது, பழைய நட் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்வது ஆகியவற்றை முதலில் யோசியுங்கள்.

நட்டை எக்காரணம் கொண்டும் திருகிலிருந்து சும்மா கழற்றாதீர்கள். குண்டுகள் கொட்டிவிடும். கழற்றியே ஆக வேண்டுமானால், திருகின் பள்ள விட்டத்தைவிடச் சற்றே சிறிய வெளிவிட்டமுள்ள குழாயைத் திருகின் முனையோடு சேர்த்துப் பிடித்து, நட்டை அதன்மேல் உருட்டி ஏற்றுங்கள். நட் எப்போதும் அந்தக் குழாயிலேயே இருக்கட்டும்.

திருகின் முனைகளை லேத்தில் கடைய வேண்டியிருக்கும். மேற்புறம் கடினமாக்கப்பட்டிருப்பதால், 60 எச்ஆர்சியை (கடினத்தன்மை அளவு) ஒட்டிய அந்த அடுக்கில் எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) டூல் வழுக்கி மழுங்கும். அந்த அடுக்கைக் கிரைண்டராலோ சிபிஎன் (போரான் நைட்ரைடு) டூலாலோ எடுத்துவிட்டால் உள்ளே மென்மையான எஃகு வரும். அங்கே கார்பைடு டூல் தாராளமாகப் போகும். கடையும்போது புரியை நன்றாகச் சுற்றி மூடுங்கள். நட்டுக்குள் புகுந்த ஒரே ஒரு சீவல் துண்டு குண்டின் பாதையைக் கீறிவிடும்.

பேரிங்கில்தான் மிகப் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு முனையில் ஆங்குலர் கான்டாக்ட் பேரிங் இரண்டை முதுகோடு முதுகாக வைத்து, லாக் நட்டால் முன்னழுத்தம் கொடுத்து இறுக்க வேண்டும். திருகின் நீளவாட்டு விசை முழுவதையும் தாங்குவது இந்த முனைதான். இன்னொரு முனையில் சாதாரண பேரிங், நீளவாட்டில் நழுவும்படி இருக்கட்டும். 1 மீட்டர் எஃகுத் திருகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.12 மி.மீ. நீளும், அதற்கு வழி வேண்டும். ரெடிமேட் பிளாக் வாங்கினால் திறந்து பாருங்கள். மலிவான சிலவற்றில் உள்ளே சாதாரண டீப் குரூவ் பேரிங்தான் இருக்கும். அதை எவ்வளவு இறுக்கினாலும் நீளவாட்டு ஆட்டம் முழுவதும் போகாது.

திருகு ஸ்லைடுக்கு இணையாக இருக்க வேண்டும். மேலிருந்தும் பக்கவாட்டிலும் டயல் கேஜ் வைத்து, முழு நீளத்துக்கும் 0.02 மி.மீ.க்குள் கொண்டுவாருங்கள். முதலில் நட் பிராக்கெட்டை இறுக்கி, டேபிளைப் பேரிங் பிளாக்கின் அருகே கொண்டுபோய், பிளாக் தானாக உட்காரும் இடத்தில் போல்ட் போடுங்கள். இடைவெளி இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) வையுங்கள். போல்ட்டால் இழுத்து மூடாதீர்கள். பிறகு டேபிளை மறுகோடிக்கு ஓட்டி அங்கேயும் இதையே செய்யுங்கள். முடித்ததும் ஜிப்பைச் சற்றுத் தளர்த்தி, திருகை விரலால் சுற்றிப் பாருங்கள். முழு நீளமும் ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். ஒரு கோடியில் மட்டும் கனத்தால் அந்தப் பக்கம் திருகு வளைந்து நிற்கிறது. நட் சீக்கிரம் போய்விடும்.

மோட்டார் எவ்வளவு பெரியது?

திருகைச் சுற்றத் தேவையான முறுக்குவிசையைக் கணக்கிடுவது எளிது: தள்ளு விசையை லீடால் பெருக்கி, 2π-ஆலும் திருகின் திறனாலும் (மேலே சொன்ன 90 சதவீதம்) வகுக்க வேண்டும். வெட்டு விசை 2000 நியூட்டன், 200 கிலோ டேபிளும் வேலைப் பொருளும் சேர்ந்து 300 நியூட்டன் உராய்வு, ஜிப்புக்கு 200 என்று வைத்தால் மொத்தம் 2500 நியூட்டன். லீட் 0.005 மீட்டர், திறன் 0.9. விடை 2.2 நியூட்டன் மீட்டர்.

3000 சுற்று வேகமுள்ள 750 வாட் சர்வோவின் தொடர் முறுக்குவிசை 2.4 நியூட்டன் மீட்டர்; சிறிது நேரத்துக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தரும். நேரடியாக மாட்டினாலே போதும்போல் தெரியும். ஆனால் அந்த மோட்டார் நிமிடத்துக்கு 15 மீட்டர் ஓடும். பழைய ஸ்லைடுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. 5எம் பல்பெல்ட்டில் 30 பல், 60 பல் புல்லிகள் போட்டு வேகத்தைப் பாதியாக்கினால், வேக நகர்வு 7.5 மீட்டர் ஆகும், மோட்டாருக்கு 1.1 நியூட்டன் மீட்டர் போதும். அப்போது 400 வாட் மோட்டாரின் 1.27கூடச் சமாளிக்கும். இருந்தாலும் 750ஐயே போடுங்கள். ஜிப்பை இறுக்கி வைக்கும் பழைய மெஷினில் உராய்வு கணக்கைவிட எப்போதும் கூடும்.

புல்லியை வாங்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். 200 கிலோ டேபிளின் சுழல் நிலைமம், 5 மி.மீ. லீட் வழியாகத் திருகில் தெரியும்போது 0.00013 கிலோகிராம் சதுர மீட்டர் மட்டுமே. 25 மி.மீ. விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள திருகின் நிலைமம் 0.0003, டேபிளைவிடத் திருகே இரண்டு மடங்குக்கும் மேல். 60 பல் புல்லி 25 மி.மீ. அகலத்தில் திட எஃகாக இருந்தால் 0.0016! மோட்டார் தன் ஆற்றலில் பெரும்பகுதியைப் புல்லியை முடுக்கவே செலவழிக்கும். அதே புல்லி அலுமினியமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்குதான்.

புல்லியைத் தண்டில் பிடிக்க மரை ஆணியை மட்டும் நம்பாதீர்கள். டேப்பர் புஷ் அல்லது கிளாம்ப் வகையே சரி. திசை மாறும் ஒவ்வொரு முறையும் மரை ஆணி கொஞ்சம் நழுவும். வேலை ஓட ஓட அளவு ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் முதலில் இங்கே பாருங்கள்.

இசட் அச்சு

மேலும் கீழும் போகும் அச்சுக்கு இரண்டு வழிகள். ஸ்பிண்டில் குவிலை (ஸ்பிண்டிலைத் தாங்கி மேலும் கீழும் நகரும் குழாய்) ஓட்டலாம்: எடை குறைவு, ஓட்டமும் குறைவு. அல்லது டேபிளையும் சேடிலையும் சுமக்கும் 'நீ' பாகத்தையே ஓட்டலாம். அந்த மொத்தச் சுமை 350 கிலோ என்றால், 5 மி.மீ. லீட் பால்ஸ்க்ரூவை அது 2.5 நியூட்டன் மீட்டர் வரை கீழ்நோக்கிச் சுற்றப் பார்க்கும். மின்சாரம் போன நொடியில் எல்லாம் கீழே இறங்கும். ஆகவே 24 வோல்ட் பிரேக் உள்ள மோட்டார் கட்டாயம். கூடவே எதிர் எடையோ வாயு ஸ்ட்ரட்டோ போட்டு சுமையைக் குறையுங்கள். இல்லாவிட்டால் சும்மா நிற்பதற்கே மோட்டார் சூடேறும். மோட்டார் பிரேக் நின்றதைப் பிடித்துவைக்க மட்டுமே. ஓடுவதை நிறுத்த அதைப் பயன்படுத்தினால் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

மின் பக்கம்

எமர்ஜென்சி ஸ்டாப் மென்பொருள் வழியாகப் போகக் கூடாது. பொத்தானை அழுத்தினால் டிரைவுக்கு (சர்வோ மோட்டாரை இயக்கும் மின் பெட்டி) போகும் மின்சாரத்தைக் கான்டாக்டர் (மின்காந்த சுவிட்ச்) நேரடியாகத் துண்டிக்க வேண்டும், அல்லது டிரைவின் எஸ்டிஓ (மோட்டாரின் முறுக்குவிசையைத் துண்டிக்கும் பாதுகாப்பு) முனைகள் திறக்க வேண்டும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே கான்டாக்டர் வைக்காதீர்கள். ஓடும்போது அது திறந்தால் டிரைவ் கெடும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் டிரைவின் கெபாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருக்கும். சார்ஜ் விளக்கு அணையும்வரை, கையேடு சொல்லும் நேரம் முழுவதும் காத்திருங்கள்.

லிமிட் சுவிட்சுகள் மூடிய நிலை வகையாக இருக்கட்டும். கம்பி அறுந்தால் மெஷின் நிற்கும், ஓடாது. என்கோடர் கேபிளை மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போடாதீர்கள்.

கட்டளைக்குப் பல்ஸ்-திசை முறை (ஒவ்வொரு பல்ஸுக்கும் ஒரு சிறு நகர்வு, திசைக்குத் தனி சிக்னல்) எடுத்தால், எத்தனை பல்ஸ் வேண்டும் என்று பாருங்கள். ஒரு பல்ஸுக்கு 0.001 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 7.5 மீட்டர் வேகத்துக்கு நொடிக்கு 1,25,000 பல்ஸ். கணினியின் பேரலல் போர்ட்டில் மென்பொருள் உண்டாக்கும் பல்ஸ் இதற்குத் தாங்காது. பல்ஸைத் தானே உண்டாக்கும் தனி கன்ட்ரோல் கார்டு வேண்டும்.

ஓட்டிப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

டியூனிங்கில் முதலில் வேக வளையம், பிறகு நிலை வளையம். நிலை கெயின் (நிலைப் பிழையை எவ்வளவு வேகமாகத் திருத்துவது என்ற எண்) நொடிக்கு 40 என்றால், நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் டேபிள் கட்டளைக்கு 1.25 மி.மீ. பின்தங்கி வரும். இது பயமுறுத்தும் எண். ஆனால் எக்ஸும் ஒய்யும் ஒரே அளவு பின்தங்கினால் நேர்கோட்டின் வடிவம் கெடாது, வட்டமும் வட்டமாகவே இருக்கும். அதனால் இரண்டு அச்சுக்கும் கெயின் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றின் மோட்டார் இன்னும் தாங்கும் என்றாலும்.

கடைசிச் சோதனை வட்டம். அலுமினியத் தகடு ஒன்றில் 100 மி.மீ. வட்டத்தை இரு திசைகளிலும் மெல்லிய வெட்டாக வெட்டி, ரோட்டரி டேபிளில் வைத்து டயல் கேஜால் சுற்றிப் பாருங்கள். திசை மாறும் நான்கு இடங்களில் படி விழுந்தால் சங்கிலியில் எங்கோ ஆட்டம். அதே இடங்களில் சின்னக் குமிழ்போல் மட்டும் இருந்தால் ஸ்லைடு உராய்வு. வட்டம் 45 டிகிரியில் சாய்ந்த நீள்வட்டமானால் இரண்டு சந்தேகம்: வெட்டும் திசையை மாற்றும்போது சாய்வும் மறுபக்கம் போனால் கெயின்கள் சமமில்லை, எத்திசையிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் எக்ஸும் ஒய்யும் செங்குத்தாக இல்லை.

ஆட்டம் என்று தெரிந்தால் அது எந்த இணைப்பில் என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்துப் பிடித்து நிறுத்துங்கள். திருகு முனையின் மையத் துளையில் கிரீஸ் தடவி ஒரு எஃகுக் குண்டை ஒட்டி, அதன்மேல் டயல் கேஜை வையுங்கள். இன்னொரு கேஜை டேபிளில் வைத்து, டேபிளை நெம்பித் தள்ளி இழுங்கள். இரண்டு ஊசியும் சேர்ந்து அசைந்தால் பேரிங் முன்னழுத்தம் போதவில்லை. திருகு சுற்றாமல் டேபிள் ஊசி மட்டும் அசைந்தால் நட்டோ அதன் பிராக்கெட்டோ. டேபிள் ஊசி அசையும்போது திருகும் லேசாகச் சுற்றினால் பெல்ட்டும் புல்லியும். ஒவ்வொன்றாக இறுக்கி, மீதம் 0.01 மி.மீ.க்குக் கீழே வந்த பிறகே கன்ட்ரோலரில் பேக்லாஷ் ஈடு எண்ணை எழுதுங்கள்.